இருபத்திரண்டாவது ரோலர்

இன்றைக்குப் பட்டறையில் இருப்பவர்கள் நான்கு பேர். முதலாளி சிக்கந்தர் ராவுத்தர், வெல்டிங் வைக்கிற பவுன்ராசு, ஜீப் ஓட்டுகிற ஒச்சப்பன், நான். காலையில் கங்காணி வெள்ளத்தாய் வந்து நின்றுவிட்டுப் போனாள், அவளைச் சேர்த்தால் ஐந்து. ஐந்தில் ஒச்சப்பன் இப்போது புரோட்டா தின்னப் போயிருக்கிறான். ராவுத்தர் தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் கண்ணை மூடியிருக்கிறார். பவுன்ராசு யார் வீட்டுக் கேட்டுக்கோ கம்பி வளைத்துக்கொண்டிருக்கிறான். நான் ஜீப்புக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறேன். கையில் பவுடர் டப்பாவின் மூடி. மூடியில் வேலை முடிந்து மீந்த ரோலர்கள். மூன்று இருக்க வேண்டும். நான்கு இருக்கின்றன.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. விரலால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணினாலும் நான்கு. உள்ளங்கையில் கொட்டி எண்ணினாலும் நான்கு. தீக்குச்சியில் பாதி நீளம், அதைவிடக் கொஞ்சம் பருமன், இவ்வளவுதான் ஒரு ரோலர். இந்த ஜீப்பின் கியர் பாக்ஸில் அடித்தண்டின் இடது முனையைச் சுற்றி இருபத்திரண்டு நிற்கும், வலது முனையைச் சுற்றி இருபத்திரண்டு நிற்கும், மேல்தண்டின் மூக்கில் பதின்மூன்று. ஆக ஐம்பத்தேழு. தேனியிலிருந்து ஒச்சப்பன் வாங்கி வந்த பொட்டலத்தில் அறுபது. அறுபதில் ஐம்பத்தேழு போனால் மூன்று. நான்கு மீந்தால் உள்ளே போனது ஐம்பத்தாறு, எங்கோ ஒரு வரிசையில் ஒன்று குறைகிறது. அப்படி இல்லையென்றால் கடைக்காரர் அறுபத்தொன்று போட்டுக் கொடுத்திருக்கிறார். இரண்டில் ஒன்று. கியர் பாக்ஸ் மூடியாகிவிட்டது, ஜாக்கி வைத்து மூன்று பேர் தூக்கி வண்டிக்கு அடியில் மாட்டியாகிவிட்டது, நட்டெல்லாம் முறுக்கியாகிவிட்டது, புது ஆயில் ஊற்றி அளவும் பார்த்தாகிவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு டப்பா மூடியை எடுத்துப் பார்க்கிறேன். முதலிலேயே பார்த்திருக்கலாம். ஏன் பார்க்கவில்லை? ஆயில் ஊற்றும்போது பவுன்ராசு புனலைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தான். பேசுகிறவன் முன்னால் எனக்கு எண்ண வராது. முதலாளி கண்ணை மூடியிருக்கிறார். சொல்ல வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிட வேண்டும். ஒச்சப்பன் வந்துவிட்டால் சாவியைத் திருகிவிடுவான்.

காலையில் எண்ணியதை நினைத்துப் பார்க்கிறேன். பத்தரை மணி. பொட்டலத்தைப் பலகையில் பிரித்தேன். மேலே பூசியிருந்த எண்ணெயை மண்ணெண்ணெயில் கழுவினேன், வேட்டித் துணியில் ஒற்றினேன், பத்துப் பத்தாகக் கூறு வைத்தேன். முதல் கூறு, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது கூறில் ஆறோ ஏழோ வைத்திருந்தபோதுதான் வாசலில் அந்தக் குரல். "என்னண்ணே, எங்க வண்டி எந்திரிச்சிருமா இல்ல படுத்தேதான் கெடக்குமா?" வெள்ளத்தாய். பதினான்கு பெண்களை மலைக்கு ஏலக்காய் எடுக்கக் கூட்டிப்போகிற கங்காணி. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நேரே என் பலகை முன்னால் வந்து நின்றாள். நான் தலையைத் தூக்கவில்லை. ஆறா ஏழா. "பேச மாட்டாரு போல. கேக்குதா அண்ணே?" பவுன்ராசு உள்ளேயிருந்து, "கேக்கும், ஆனா பொம்பள கேட்டா கேக்காது" என்றான். அவள் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. ராவுத்தர் வந்து, "சாயங்காலம் ரெடியாகிரும்மா, நாளைக்கு விடியக்காலம் போகலாம்" என்று சொன்னார். "ரெண்டு நாளாச்சு பாய். நாளைக்கும் வரலைன்னா எஸ்டேட்டுல வேற செட்ட ஏத்திருவாங்க. வருசம் பூரா அந்தத் தோட்டந்தான் எங்களுக்கு." அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் ஏழிலிருந்து தொடர்ந்தேன். ஏழு என்றுதான் நினைக்கிறேன். ஆறாக இருந்து நான் ஏழு என்று எடுத்துக்கொண்டிருந்தால் அந்தக் கூறில் ஒன்பது. ஏழாக இருந்து ஆறு என்று எடுத்திருந்தால் பதினொன்று. ஆறு கூறு ஆனது என்பது நிச்சயம். ஐந்தாவது கூறில் எத்தனை என்பது நிச்சயம் இல்லை. திருப்பி எண்ணக் கை போனது. பவுன்ராசு பார்த்துவிட்டான். "பெருசு, எத்தன தடவதான் எண்ணுவ? குட்டியா போடப்போகுது?" அவள் அதற்கும் சிரித்தாள். எல்லாவற்றையும் ஒன்றாக வழித்து மூடியில் போட்டுவிட்டேன். நாற்பத்தோரு வருடத்தில் எண்ணி முடிக்காமல் வழித்துப் போட்டது இது ஒருமுறைதான். ஒரு பெண் பார்த்தாள் என்பதற்காக.

அதன் பிறகு கிரீஸ். புரட்டாசி வெயிலுக்குக் கிரீஸ் இளகிவிடும், இளகின கிரீஸில் ரோலர் நிற்காது, சாயும். அதனால் டப்பாவை ஈரச் சாக்கில் சுற்றி மண் தொட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். பல்சக்கரக் குழலின் உள்ளே கொய்யாக் கட்டையைச் செருகினேன். நிஜத் தண்டின் பருமன், குழலின் நீளம், நானே இழைத்த கட்டை. கட்டைக்கும் குழலுக்கும் நடுவில் வளையமாகக் கிரீஸ் அப்பி, அதில் ஒவ்வொரு ரோலராக நிறுத்த வேண்டும். ஒன்று நின்றதும் அதன் தோளை ஒட்டி அடுத்தது. கடைசி ஒன்றுக்கு இடம் இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். லேசாக அழுத்தினால் மற்றவை ஒதுங்கிக் கொடுக்கும், அது உள்ளே போய்விடும். அப்புறம் ஒரு சோதனை உண்டு. இருபத்து மூன்றாவதாக ஒன்றை எடுத்து நுழைத்துப் பார்க்க வேண்டும். நுழையக் கூடாது. நுழைந்தால் வரிசையில் ஆள் குறைவு என்று அர்த்தம். இடது முனையில் அதைச் செய்தேன். நுழையவில்லை. நகத்தில் இடித்து நின்றது, வலித்தது, நன்றாக நினைவிருக்கிறது. வலது முனையில்? செய்தேன். செய்ததாகக் கை சொல்கிறது. ஆனால் கை எப்போதும் அப்படித்தான் சொல்லும். இந்தக் கை எத்தனை பாக்ஸ் மூடியிருக்கிறது, எத்தனை வலது முனை, எத்தனை இருபத்து மூன்றாவது ரோலர். அவற்றில் எது இன்றையது, எது போன மாதத்தது, எது நான் பாக்கியத்தைக் கட்டுவதற்கு முந்தியது என்று கை பிரித்து வைக்கவில்லை. எல்லாம் ஒரே நாளாகக் கிடக்கிறது. நுழைத்துப் பார்க்கிறேன், நுழையவில்லை, அடுத்த வேலைக்குப் போகிறேன். எந்த நாள்? அந்த நேரம் பட்டறையில் என்ன சத்தம் கேட்டது? வெல்டிங் பொறியா, மழையா? மழை பெய்கிறது அந்த நினைப்பில். இன்றைக்கு மழை இல்லை.

கண்ணால் பார்த்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. பார்க்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்குள்ளேயும் முழுசாகச் சொன்னதில்லை. பங்குனியில் ஒருநாள் காலையில் முகம் கழுவிவிட்டுப் பார்த்தால் வலது பக்கம் பால் தெளித்த மாதிரி இருந்தது. சோப்பு என்று நினைத்தேன். மறுபடி கழுவினேன். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, இது புரட்டாசி, ஏழாவது மாதம். இடது கண்ணால் சமாளிக்கிறேன். கிரீஸும் கறுப்பு, அதற்குள் நிற்கிற ரோலரும் கறுப்பு, குழலுக்குள் வெளிச்சமும் போகாது, அதனால் விரலால் தடவியே எண்ணுகிறேன். விரல் தப்பு செய்யாது என்று வைத்திருக்கிறேன். வீட்டில் பாக்கியம் சொல்லாமலே தெரிந்துகொண்டாள் என்று ஒரு சந்தேகம். ஆடியிலிருந்து என் தட்டைக் கொஞ்சம் இடது பக்கமாகத் தள்ளி வைக்கிறாள், தண்ணீர்ச் செம்பையும் இடது பக்கமே வைக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் கியர் பாக்ஸைத் தொட விடமாட்டார். தொட விடக் கூடாது, அதுதான் சரி. வேறொருவன் கண் தெரியாமல் பாக்ஸ் மூட்டினால் நானே விடமாட்டேன். ஆனால் கியர் பாக்ஸ் இல்லையென்றால் நான் இந்தப் பட்டறையில் யார்? சாமான் கழுவுகிறவன். வாசலில் உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் தொட்டியில் கை விட்டுக்கொண்டு, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு. உள்ளே மூலையில், பலகைக்கு முன்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒருவரிடமும் பேசாமல் பொழுது போகிற இந்த இடம் போய்விடும். இவ்வளவு காலம் நான் சம்பாதித்தது இந்த மூலை ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்று குறைந்தால் என்ன ஆகும்? ஓடும். அதுதான் பயம். இப்போது ஸ்டார்ட் செய்து ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றினால் எந்தச் சத்தமும் வராது. ஒச்சப்பன் மாமா பிரமாதம் என்பான். மலைப்பாதை முடிகிற மெட்டு வரைக்கும் ஏறி இறங்கினாலும் வராது. ஒரு வாரம் ஓடும், ஒரு மாதம் ஓடும். இருபத்தொரு ரோலருக்கு நடுவில் ஒரு ஆள் இடம் காலி, அந்தக் காலி இடம் சுற்றிச் சுற்றி வரும், மற்றவை அதற்குள் சாயப் பார்க்கும். ஏற்றத்தில் முதல் கியரில், பதினான்கு பேர் பாரத்தோடு, ஏதோ ஒரு வளைவில் ஒன்று குறுக்கே சாயும். உடையும். உடைந்த துண்டு பல்லுக்கு நடுவில் போகும். பல் நின்றால் பின் சக்கரம் நிற்கும். ஏற்றத்தில் நின்றால் பரவாயில்லை. இறங்கும்போது நின்றால்? சாயங்காலம் நாலரைக்கு, எல்லோரும் வேலை செய்த அலுப்பில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருகிற நேரத்தில். அல்லது ஒன்றும் ஆகாது. கடைக்காரர் கை தவறி அறுபத்தொன்று போட்டிருப்பார். அவர் எண்ணிப் போடுகிறவர் இல்லை, தராசில் போடுகிறவர். தராசில் ஒரு ரோலர் எம்மாத்திரம். ஒன்று கூடத்தான் போட்டிருப்பார். பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும். நூற்றுக்கு எத்தனை? எழுபது? எண்பது என்று வைத்தால் மிச்சம் இருபது. பதினான்கு பேருக்கு நூற்றுக்கு இருபது. இந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, ஐந்தாம் வகுப்பு வரைக்கும் சொல்லித் தரவில்லை.

அவர்களை எனக்குத் தெரியும். பெயர் தெரியாது. விடிவதற்கு முன்னால் ஐந்து பத்துக்கு டீக்கடை முன்னால் வண்டி வேகத்தைக் குறைக்கும், நான் டீ குடித்துக்கொண்டிருப்பேன், எண்ணுவேன். பதினான்கு. மாசியில் சில நாள் பதினைந்து, யாரோ ஒருத்தியின் மகள். பச்சை ஒயர் கூடை வைத்திருக்கிறவள் ஓரத்தில் உட்காருவாள். துண்டைக் காதோடு கட்டியிருக்கிறவள் அவளுக்கு அடுத்து. வெற்றிலையை டீக்கடைக்கு எதிரே இருக்கிற கரண்ட் கம்பத்தில்தான் துப்ப வேண்டும் என்று நேர்ந்துகொண்டவள் மாதிரி ஒருத்தி. ஒருநாள் நான் எண்ணுவதைக் கவனித்துவிட்டு உள்ளேயிருந்து ஒருத்தி, "என்னண்ணே, ஒரு ஆளு கொறையிதா? ஏறிக்கிறியா?" என்று கத்தினாள். ஜீப் முழுக்கச் சிரிப்பு. டீ நாக்கைச் சுட்டுவிட்டது. மறுநாளிலிருந்து பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன், ஆனாலும் எண்ணுவதை விட முடியவில்லை. பேச்சுக் குரலை வைத்து எண்ணினேன்.

இப்படி ஒன்று மீந்தது இது முதல் தடவை இல்லை. அப்போது எனக்கு முப்பத்தொன்று. ஒரு பஸ் ஷெட்டில் வேலை. முன் சக்கரத்துப் பேரிங் மாட்டி, மூடியைப் போட்டு, வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கிவிட்டது. கீழே பார்த்தால் தட்டில் ஒரு வாஷர். ஃபோர்மேன் அன்றைக்கு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், அம்மாவை அக்காவை இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கண்டக்டர் விசில் ஊதுகிறான். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், பஸ் போய்விட்டது. அன்று சாயங்காலம் அதே பஸ்ஸில் ஏறினேன். முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டில் உட்கார்ந்து, பாதத்தைத் தரைத் தகட்டில் அழுத்தி, சத்தம் கேட்டுக்கொண்டே கடைசி ஊர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். மறுநாளும். பாக்கியத்திடம் ஓவர்டைம் என்று சொன்னேன். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் அந்த வண்டியை வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள், என்னால் போக முடியாத தூரம். ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்று கூடச் சொல்ல முடியாது, நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. முப்பத்தைந்து வருடமாகக் கேள்விப்படவில்லை. இன்றைக்கும் எங்காவது பஸ் ஒன்று கவிழ்ந்தது என்று ரேடியோவில் சொன்னால் முதலில் எந்த ஊர் வண்டி என்று காது தேடுகிறது. அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டு இருபது வருடமாவது ஆகியிருக்கும். எனக்குத் தெரியும். தெரிந்தும் காது தேடுகிறது. ஒன்று நடந்திருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். நடக்காததற்கு முடிவே இல்லை. இந்த நான்கை மூடியோடு சேர்த்து அலமாரியில் வைத்துவிட்டால் நாளைக் காலை ஐந்து பத்துக்கு நான் டீக்கடையில் எப்படி உட்காருவேன்? போகும்போது பதினான்கு எண்ண வேண்டும், திரும்பும்போது பதினான்கு எண்ண வேண்டும். நாளைக்கு, நாளன்றைக்கு. இந்த வயதில் பதினோரு நாளோடு முடியாது. மலைக்கு எந்த ஜீப்பில் ஏறி எவள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் கேட்பேன்?

ஒச்சப்பன் பல்லைக் குத்திக்கொண்டே வந்துவிட்டான். பின்னாலேயே வெள்ளத்தாயும். "மாமா, ரெடியா? மெட்டு வரைக்கும் ஒரு மிதி மிதிச்சுட்டு வந்துருவோமா?" சாவியை விரலில் சுற்றுகிறான். "அண்ணே, நாளைக்குப் போகுமா போகாதா, ஒத்த வார்த்த சொல்லிருங்க. ஊருக்குள்ள போயி பதினாலு வீட்டுலயும் சொல்லணும்." ராவுத்தர் கண்ணைத் திறந்தார். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தேன். வாயைத் திறந்தேன்.  சொல்ல வேண்டியது மூன்று சொல். ஒரு ரோலர் குறையுது. அதுகூட இல்லை, குறையுதோ என்னமோ. வரவில்லை. ஒச்சப்பன் வண்டிக்குள் காலை வைத்துவிட்டான். நான் மூடியைப் பலகையில் வைத்தேன். பெரிய தட்டை எடுத்தேன். துடைத்த தட்டா என்று தடவிப் பார்த்தேன், மண் இல்லை. சாக்கைத் தள்ளிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தேன். ஸ்பேனரைக் கியர் பாக்ஸின் அடி நட்டில் மாட்டினேன். அரை மணிக்கு முன்னால் என் கை முறுக்கின நட்டு, அதே கைக்கு எதிர்ப்பக்கம் கொடுக்க மாட்டேன் என்றது. முழங்கையை ஊன்றி இழுத்தேன். கழன்றது. புது ஆயில், தேன் நிறத்தில், மணிக்கட்டு வழியாக வந்து தட்டில் விழுந்தது. சூடு இல்லை. வண்டி இன்னும் ஓடவில்லை.

"யோவ் மாமா! என்னய்யா பண்ற?" ஒச்சப்பன் குனிந்து பார்க்கிறான், முகம் தலைகீழாகத் தெரிகிறது. "பாய், இங்க வாங்க, பெருசுக்கு என்னமோ ஆயிருச்சு. இப்பத்தான ஊத்துனோம்!" பவுன்ராசு கம்பியைக் கீழே போடுகிற சத்தம். கால்கள் வந்து நிற்கின்றன, ராவுத்தரின் செருப்பு, வெள்ளத்தாயின் வெறும் பாதம், மெட்டி. அடியில் படுத்துக்கொண்டு, ஒருவர் முகமும் பார்க்காமல் இருந்ததால்தானோ என்னவோ, குரல் வந்தது. "நாலு இருக்கு" என்றேன்.

"எது நாலு?" என்றான் ஒச்சப்பன்.

"மீதி ரோலரு. மூணுதான் இருக்கணும்."

"அடப் போ பெருசு. கடக்காரன் ஒண்ணு கூடப் போட்ருப்பான்" என்றான் பவுன்ராசு.

"இருக்கும்."

"அப்புறம் என்னாத்துக்குத் தொறந்த?"

"இருக்கும்னுதான தெரியுது. இருக்குன்னு தெரியல."

ராவுத்தர் உட்கார்ந்தார். அவருக்கு முட்டி வலி, தரையில் உட்காரவே மாட்டார். "மாயண்ணே, நீங்க மூட்டி ஒண்ணு குறைஞ்சதுன்னு நான் கேட்டதில்ல. வலது முனையில போட்டுப் பாத்தீங்கல்ல?"

"போட்டேன். நெனப்பு இல்ல. கண்ணு சரியில்ல தம்பி. வலது கண்ணு. பங்குனியிலருந்து." ஆயில் சொட்டுச் சொட்டாக வந்து நின்றது.  "தடவித்தான் மூட்டிக்கிட்டு இருக்கேன். ஏழு மாசமா. இத்தோட ஒம்பது பாக்ஸு."

ஒன்பது என்றதும் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நல்லது என்று இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஒச்சு, ஜாக்கியத் தள்ளு. பவுனு, பதினாலாம் நம்பர் ஸ்பேனர எடு" என்றார். வெள்ளத்தாய், "அப்ப நாளைக்கு?" என்றாள். "நாளைக்கு உங்க பதினாலு பேத்தையும் மலைக்கு அனுப்பணும்மா, அதுக்குத்தான்" என்றார் ராவுத்தர்.  வெள்ளத்தாய் போவாள் என்று நினைத்தேன், போகவில்லை.

பாக்ஸைக் கீழே இறக்க முக்கால் மணி. பலகையில் ஏற்றி மூடியைக் கழற்றி, மேல்தண்டை உருவினேன். மூக்கிலிருந்த ரோலர்களைத் தட்டில் விடப்போனேன். பாதியில் நிறுத்தினேன். எனக்கு என் எண்ணிக்கை மேல் நம்பிக்கை போய்விட்டது. அப்போது அவள் சாக்கில் எனக்கு எதிரே உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டாள். "குடுங்க இப்படி. ஏலக்கா தரம் பிரிக்கிற கைதான், தப்பாது." விரல் நுனியெல்லாம் காய்க்காம்புக் கறை. மூக்கில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "லாபம், ரெண்டு, மூணு..." பவுன்ராசு சிரித்தான். "ஏத்தா, நெல்லா அளக்குற?" "எண்ணுனா லாபத்துலருந்துதான் எண்ணணும். நீ கம்பிய வளைடா." பதின்மூன்று. சரி. அடுத்து அடித்தண்டு. கொய்யாக் கட்டையைக் கொடுத்து நிஜத் தண்டைத் தள்ளினேன், ரோலர்களுக்குத் தெரியாமல் ஆள் மாற்றுகிற வேலை, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். பல்சக்கரத்தை வெளியே எடுத்து இடது முனையை அவள் பக்கம் காட்டினேன். லாபத்திலிருந்து இருபத்திரண்டு. வலது முனை. ராவுத்தர் டார்ச் அடித்தார். எனக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது, வெள்ளை வட்டமாக. அவள் எடுக்க எடுக்கத் தட்டில் சின்னச் சத்தம். பதினெட்டு, பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. நிறுத்தினாள். கிரீஸுக்குள் விரலை விட்டுச் சுற்றி வழித்தாள். இதோ, இதுதான், இதுதான் என்று நினைத்தேன். வெட்கம் இல்லாமல் சொன்னால், அது இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். இல்லாமல் இருந்தால் நான் திறந்தது சரி. "இருவத்திரெண்டு" என்று அவள் விரலைக் காட்டினாள். நகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைக்காரர் அறுபத்தொன்று போட்டிருக்கிறார். பவுன்ராசு வாயைத் திறந்தான், ராவுத்தர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். ஒச்சப்பன் மட்டும், "மாமா, பூராமே சரியாத்தான் வச்சிருக்க. கண்ணு தெரியாமயே" என்றான். அதில் கேலி இல்லை.  சரியாக வைத்திருக்கிறேன், அது எனக்குத் தெரியாமல் சரியாக இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மற்ற எட்டுப் பாக்ஸும் அப்படியே இருக்கலாம். ராவுத்தர் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும், நோட்டை எடுத்து எந்தெந்த வண்டி என்று என்னிடம் கேட்டார். எட்டையும் வரிசையாகச் சொன்னேன், வண்டி நம்பரோடு. எழுதிக்கொண்டு, "ஒண்ணொண்ணா வரச் சொல்லுவோம். பாத்துருவோம்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இனிமே பிரிக்கிறது நீங்க பிரிங்கண்ணே. மூட்டுறதுக்கு வேற ஆளு பாத்துக்கிறேன். கண்ணுக்குப் போயி காட்டுவோம், நான் கூட வாறேன்" என்றார். சரி என்றேன். மூலை போய்விட்டது. நினைத்த அளவுக்கு அது சத்தம் போடவில்லை. அல்லது இன்னும் என்னை வந்து சேரவில்லை.

"இத மட்டும் மூட்டிட்டுத் தாறேன்" என்றேன். அவர் தலையாட்டினார். வெள்ளத்தாய் எடுத்துக் கொடுத்தாள், நான் வாங்கி நிறுத்தினேன். கிரீஸ் இளகியிருந்தது, ஈரச் சாக்கை மறுபடி நனைத்தேன். அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள், நான் ஒரு தடவையும் எண்ணவில்லை, அவள் குரலுக்குப் பின்னாலேயே விரல் போனது. வலது முனையில் இருபத்திரண்டு நின்றதும் மூடியிலிருந்து ஒன்றை எடுத்து நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. "நீ பாரு" என்று அவள் கையில் கொடுத்தேன். அவளும் அழுத்திப் பார்த்தாள். "போக மாட்டேங்குது அண்ணே." வெளியே பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிள்கள் போகிற மணிச் சத்தம், அவள் சட்டையில் ஏலக்காய் வாடை, டார்ச் பிடித்து ராவுத்தரின் கை அலுத்து ஆடுகிறது. இது இன்றையது. எத்தனை வருடம் கழித்துக் கேட்டாலும் இது இன்றையது என்று கை சொல்லும்.

பொழுது சாய்வதற்குள் பாக்ஸ் மேலே ஏறியது. தட்டில் பிடித்த ஆயிலைத் துணியில் வடிகட்டித் திருப்பி ஊற்றினோம். ஒச்சப்பன் மலையடிவாரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, கியர் வெண்ணெயாக விழுகிறது என்றான். வெள்ளத்தாய் தொட்டியில் கை கழுவிக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். "நாளைக்குப் போகும்னு சொல்லிரவா?" நான் தலையைத் தூக்கினேன். இடது கண்ணில் அவள் முகம் முழுசாகத் தெரிந்தது, நெற்றியில் கிரீஸ் பட்டிருந்தது. "போகும்" என்றேன். "பதினாலு பேருமே போலாம்." அவள் போன பிறகு பலகையைத் துடைத்தேன், ஸ்பேனர்களை அளவு வாரியாகத் தொங்கவிட்டேன், கொய்யாக் கட்டையைக் கழுவி ராவுத்தரின் மேஜை மேல் வைத்தேன், அடுத்து மூட்டுகிறவனுக்கு வேண்டும். மூடியில் இருந்ததை ஒரு காகிதத்தில் கொட்டி, மேலே எண்ணெய் விட்டு மடித்து, இந்த ஜீப்பின் நம்பரையும் தேதியையும் எழுதினேன். அதற்குக் கீழே எண்ணிக்கை. வாங்கியது அறுபத்தொன்று. உள்ளே ஐம்பத்தேழு. மீதி நான்கு.